காட்டு யானைக்கும் கால் வைக்க இடம் வேண்டாமா?

தோட்டப் பாட்டாளிகளே! யானையைப் பார்க்கக் காசு செலவழித்துப் போவதா என்று நீங்கள் சிரிப்பீர்கள். செம்பனைக் கன்றைப் பிடுங்கித் தின்ன அது தானாகவே வருகிறதே என்பீர்கள். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

சென்ற பள்ளி விடுமுறையில் சில தோட்டக் குடும்பங்களோடு பினாங்கிலிருந்து வேனில் புறப்பட்டோம். தெலுக் பாஹாங்கில் 2003இல் அமைந்த தேசியப் பூங்காவில் குரங்கும் கடலாமையும் உண்டு, யானை இல்லை. ஆகவே பாலத்தைக் கடந்து பாலிங், கிரிக் வழியாகப் பேராக்கின் வடகோடியிலுள்ள ரோயல் பெலும் பூங்காவுக்குப் போனோம். 2007இல் அரசிதழில் பதிவான இக்காடு சுமார் 117,500 ஹெக்டர். இங்கே ஜீப் கிடையாது, படகுதான். தெமெங்கோர் அணையால் உண்டான ஏரியில், பட்டுப்போன மரங்களுக்கு நடுவே போனோம். யானை உப்புக்கு வரும் சேற்றுநிலத்தில் பெரிய காலடியும் புதுச் சாணமும் கண்டோம். யானையைக் காணோம். பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது.

மறுநாள் அந்தியில் திரும்பும்போதுதான் அந்தக் காட்சி! கிரிக்-ஜெலி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு குட்டியோடு நாலு யானைகள் புல் மேய்ந்துகொண்டிருந்தன. டிரைவர் தூரத்திலேயே வேனை நிறுத்தினார். யாரும் மூச்சு விடவில்லை. பால்மரம் சீவிச் சீவிக் கை மரத்துப்போன ஓர் அம்மா மெல்லச் சொன்னார்: "நம்ம தோட்டத்துல வந்தா டின் தட்டி வெரட்டுறோம். இங்க அது தன் வீட்டு வாசல்ல நிக்குது. நாமதான் குறுக்க வந்துட்டோம், தம்பி."

உண்மைதானே! 1982இல் திறந்த இந்தச் சாலை காட்டை இரண்டாக வகுந்துவிட்டது. 2025 மே 11, அன்னையர் தினத்தன்று, இங்கே லோரி மோதி ஒரு குட்டி யானை மாண்டது. லோரிக்கடியில் கிடந்த பிள்ளையை விட்டுத் தாய் நகராமல் நின்றதை நாடே கண்டு கலங்கியது.

தோட்டத்துக்குள் வரும் யானையைப் பிடித்துக் காட்டில் விடும் வேலையை வனவிலங்கு இலாகா 1974இல் தொடங்கியது. அஸ்ஸாமிலிருந்து பழக்கிய யானைகளை வரவழைத்தார்கள். இதுவரை 600க்கும் மேற்பட்டவை இடம் மாற்றப்பட்டுள்ளன. பிறந்த மண்ணைவிட்டுப் போகும் வேதனை நமக்குத் தெரியாததா? தோட்டத் துண்டாடல் காலத்தில் மூட்டை முடிச்சோடு லயத்தைவிட்டு வெளியேறியவர்கள்தானே நாம்!

அதற்காக, யானைக்கு முன்னால் தொழிலாளி நிற்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. யானை நடமாட்டம் தெரிந்தால் இருட்டில் தனியாக வெட்டுக்குப் போகாதீர்கள். மண்டோரிடமும் நிர்வாகத்திடமும் சொல்லுங்கள். வனவிலங்கு இலாகாவுக்குத் தெரிவிக்கச் செய்யுங்கள். வேலை நேரத்தில் யானையால் அடிபட்டால் சொக்சோவில் மனுச் செய்யுங்கள். பட்டாசு கொளுத்திப் போட்டு வீரம் காட்டப் போய் உயிரை விடாதீர்கள்.

காடு இருந்தால் யானை காட்டிலேயே இருக்கும். நம் பிள்ளையும் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போகும்.