இருபது நிமிடக் குழாய்

ரப்பர் மரத்தில் பால் நன்றாகச் சுரப்பது விடியலுக்கு முன்னால். அதனால் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்துப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தோட்டத்தில் இறங்குகிறார்கள். விரியன் நடமாடும் நேரமும் அதுதான்.

கடித்த பாம்பை யாரும் பார்க்கவில்லையா? பரவாயில்லை. சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறார் மருத்துவர். உறையாமல் ஓடினால் விரியன் விஷம். பெரிய ஆய்வகம் எதுவும் வேண்டாம். ஆனால் பிளாஸ்டிக் குழாய் ஆகாது. உறைதலைத் தொடங்கிவைப்பதே கண்ணாடிப் பரப்புதான். சோப்புத்தூளில் கழுவிய குழாயும் பொய் சொல்லும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கண்ணாடி விரியன் விஷம் உறைதலைத் தடுப்பதில்லை, தூண்டிவிடுகிறது! ஃபைப்ரினோஜன் என்னும் உறைவுப் புரதத்தை உடலுக்குள்ளேயே துணுக்குத் துணுக்காகச் செலவழித்துவிடுகிறது. பந்திக்கு முன்பே அடுக்களை காலி. அதைக் கல்லீரல் மறுபடி செய்துதர ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். விஷமுறிவு மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து மீண்டும் குழாயைப் பார்ப்பது அதனால்தான்.

அந்த மருந்து குதிரை தருவது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கும் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தினால், விஷத்தைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள் அதன் ரத்தத்தில் உருவாகிறது. 1 மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முடக்கும். முதல் தவணை 10 குப்பி, அதாவது 100 மில்லி. 60 மில்லிகிராம் விஷத்துக்குச் சரி. சராசரிக் கடியில் இறங்குவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

எதிர்ப்பொருளுக்கு ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கத் தெரியும். கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையைச் சிதைத்துவிட்டால் எத்தனை குப்பி ஏற்றியும் பயனில்லை; முனை தானாக வளரும்வரை வெண்டிலேட்டர்தான் மூச்சு. நாகர்கோவில்காரருக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஊரை ஒட்டியே இருக்கிறது. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் வாழும் காணி மக்கள் சிலருக்கோ பயணமே படகில்தான் தொடங்குகிறது. மருந்து ஒன்றுதான், அரசு மருத்துவமனையில் இலவசமும்கூட. விஷம் மட்டும் படகுக்குக் காத்திருப்பதில்லை.

சீக்கிரம் வந்தாலும் தீராத கடி ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ரப்பர் தோட்டங்களில், சருகின் நிறத்தில், மூக்கு நுனி மேல்நோக்கி எழும்பிய சிறிய குழிவிரியன் ஒன்று இருக்கிறது. நம் மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே செய்யப்படுவது; இதனிடம் எடுபடாது. சுருட்டை என்று நினைத்து வீணாக மருந்து ஏற்றியதும் உண்டு. இதன் கடியில் சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸ்தான் வழி. அதற்கும் தோட்டத் தொழிலாளிதான் மலையிறங்கி வரவேண்டும், வாரத்தில் பலமுறை.