பேஸ் கிதார்க் கலைஞர்களின் சிறு தொல்லைகள்

பேஸ் கிதார் என்பது தாழ்ந்த சுரங்களை இசைப்பதற்கென உருவான மின்கிதார் வகையாகும். நான்கு கம்பிப் பேஸின் கம்பிகள் ஈ, ஏ, டி, ஜி என்ற சுரங்களில், சாதாரணக் கிதாரின் தடித்த நான்கு கம்பிகளைவிட ஒரு ஸ்தாயி கீழே சுருதி கூட்டப்படுகின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ், இவ்வகையில் பரவலாக விற்பனையான முதல் கருவி. ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கும், டிரம்ஸ் ஓசைக்கு நடுவே தம் வாசிப்பு தமக்கே கேட்காமல் தவித்தவர்களுக்கும் அது பெரும் விடுதலையாக அமைந்தது. கழுத்தில் ஃபிரெட்டுகள் இருந்ததால் சுரம் பிசகாமல் வாசிக்கவும் முடிந்தது. பெயரிலுள்ள 'பிரிசிஷன்' என்ற சொல் இந்தத் துல்லியத்தையே குறிக்கிறது.

பெரிய தொல்லைகள் போன இடத்தில் சிறிய தொல்லைகள் குடியேறின. இவை கச்சேரியை நிறுத்தும் அளவுக்குப் பெரியவை அல்ல என்பதால் பலரும் சரிசெய்யாமலே காலம் தள்ளுகிறார்கள். புதிதாகக் கற்பவர்களோ, கருவியின் குணத்தைத் தம் கையின் குறை என்று எண்ணிச் சோர்ந்துவிடுவதுண்டு. இவற்றில் சில, சில்லறைச் செலவில் தீரும். சில தீரவே தீரா. ஒன்றைத் தவறாகத் தீர்க்கப் போனால் உயிருக்கே ஆபத்து.

தலை தொங்குதல்

பெரும்பாலான பேஸ்களில் கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மி.மீ. ஃபெண்டரின் சாதாரண மின்கிதாரில் இது 25.5 அங்குலம்தான். இவ்வளவு நீண்ட கழுத்தின் கடைசியில் கனமான நான்கு முறுக்காணிகள் வேறு இருக்கின்றன. தோள்பட்டியை மாட்டி நின்று கையை விட்டால் கழுத்து மெல்லத் தரையை நோக்கிச் சாயும். வாசிக்க வேண்டிய இடக்கை, கழுத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்ய நேர்கிறது. ஒரு மணி நேரம் இப்படி வாசித்தால் மணிக்கட்டும் தோளும் வலிக்கத் தொடங்கும்.

பட்டி மாட்டும் குமிழ் எங்கே இருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். ஃபெண்டர் பேஸ்களின் மேல் கொம்பு கழுத்தின் நடுப்பகுதியை நோக்கி நீண்டிருப்பது அழகுக்காக மட்டுமன்று. அக்குமிழ் ஏறத்தாழ 12ஆம் ஃபிரெட்டுக்கு நேராக அமையும்போது எடை இருபுறமும் ஓரளவு சமமாகிறது. 1963இல் வந்த கிப்சன் தண்டர்பேர்டில் அத்தகைய நீண்ட மேல் கொம்பு இல்லை. அதன் தலை தொங்கும் குணம் பேஸ் வாசிப்பவர்களிடையே பெயர்பெற்றது. அந்த ஒலிக்காகப் பொறுத்துக்கொண்டவர்களும் ஏராளம்.

அடிப்பக்கம் சொரசொரப்பாக உள்ள அகலமான தோல்பட்டி, சட்டையில் வழுக்காமல் பிடித்துக்கொள்வதால் பாதித் தொல்லை குறையும். முறுக்காணிகளை எடை குறைந்தவையாக மாற்றுவது இன்னும் நல்ல வழி. நெம்புகோல் கணக்கு இங்கே உதவும்: குமிழிலிருந்து 60 செ.மீ. தொலைவில் 100 கிராம் குறைப்பதும், மறுபுறம் 20 செ.மீ. தொலைவில் 300 கிராம் சேர்ப்பதும் ஒரே பலனைத் தரும். சேர்த்த எடையைத் தோள் சுமக்க வேண்டும் என்பதால் குறைப்பதே மேல். நெட் ஸ்டைன்பெர்கர் வடிவமைத்த தலையில்லாப் பேஸ், முறுக்காணிகளை உடலின் பின்முனைக்கே கொண்டுபோய் இந்தச் சிக்கலை அடியோடு நீக்கியது.

செத்த சுரம்

ஜி கம்பியில் 5ஆம் ஃபிரெட்டிலிருந்து 7ஆம் ஃபிரெட் வரை ஏதோ ஓரிடத்தில் சுரம் மட்டும் நீடிக்காமல் சட்டென்று அடங்கிப்போவதைப் பலர் கவனித்திருப்பார்கள். மீட்டிய கணத்தில் ஒலி சரியாகவே பிறக்கும். ஆனால் பக்கத்துச் சுரங்கள் ஒலித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பாதிகூட இது தாங்காது.

கம்பி மட்டுமே அதிர்வதில்லை. கழுத்தும் சேர்ந்தே அதிர்கிறது. ஒவ்வொரு கழுத்துக்கும் அதன் நீளம், தடிமன், மரம், தலையின் எடை ஆகியவற்றுக்கேற்ப இயல்பான அதிர்வெண்கள் உண்டு. கம்பியின் அதிர்வெண் அவற்றுள் ஒன்றோடு பொருந்திவிட்டால், கம்பியிலுள்ள ஆற்றல் விரைவாகக் கழுத்துக்குள் வடிந்துவிடும். ஜி கம்பியின் 5ஆம் ஃபிரெட்டில் பிறக்கும் சி சுரம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். 7ஆம் ஃபிரெட்டின் டி சுரம் ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ். திருகாணியால் பொருத்தப்பட்ட நீண்ட மரக்கழுத்துகள் பலவற்றில் இந்த எல்லைக்குள்தான் பொருத்தம் நிகழ்கிறது. விலை உயர்ந்த கருவியும் இதற்கு விதிவிலக்கன்று.

காரணம் கழுத்தே என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கருவியின் தலையை ஒரு மர அலமாரியில் அழுத்தி வைத்துக்கொண்டு அதே சுரத்தை வாசித்தால், அதன் ஆயுள் மாறுவது காதுக்குத் தெரியும். தலையில் ஒரு சிறு உலோகப் பிடியை இறுக்கினாலும் இதுவே நடக்கும். எடை கூடியதால் கழுத்தின் அதிர்வெண் தாழ்ந்து, செத்த இடம் வேறோர் இடத்துக்கு நகர்கிறது. இரண்டு ஃபிரெட்டுகளுக்கு நடுவே அது போய் விழுந்தால் அதிர்ஷ்டம். ஆனால் எடை கூட்டினால் தலை தொங்குவதும் கூடும்! கார்பன் இழைக் கழுத்துகள் மரத்தைவிட விறைப்பானவை என்பதால் அவற்றில் இத்தொல்லை மிகக் குறைவு. மற்றவர்கள் அதே சி சுரத்தை டி கம்பியின் 10ஆம் ஃபிரெட்டில் வாசித்துத் தப்பிக்கிறார்கள். கருவி வாங்குபவர், கடையிலேயே ஆம்ப்ளிஃபையர் இணைக்காமல் ஜி கம்பியின் ஒவ்வொரு ஃபிரெட்டையும் மெதுவாக மீட்டிப் பார்ப்பது நல்லது. கம்பி மாற்றியோ, கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டை முறுக்கியோ இதைப் போக்கிவிடலாம் என்று நம்பி வாங்கக் கூடாது.

இரைச்சல்

ஒற்றைச் சுருள் பிக்கப் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும் கொண்டது. கம்பியின் அசைவை மின்சாரமாக மாற்றும் அதே சுருள், அருகிலுள்ள மின்மாற்றி, மங்கலாக்கி விளக்கு ஆகியவற்றின் மின்காந்தப் புலத்தையும் பிடித்துக்கொள்ளும். அதுவே 'உம்' என்ற இரைச்சல். ஃபெண்டர் 1957இல் பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்து, எதிரெதிர்ச் சுருள்களாக்கியபோது இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு தனித்தனிப் பிக்கப்கள். இரண்டையும் சம அளவில் வைத்தால்தான் அமைதி. ஒன்றைக் குறைத்ததும் இரைச்சல் திரும்பிவிடும். அவ்வாறு ஒன்றைக் குறைத்து வைக்கும்போது கிடைக்கும் ஒலியையே பலர் விரும்புகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் 3ஆம் ஃபிரெட்டில் பிறக்கும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். ஆகவே இரைச்சலை வடிகட்டி நீக்க முயன்றால் சுரமும் சேர்ந்து போய்விடும். நிற்கும் திசையைச் சற்றே மாற்றிப் பார்ப்பது பல நேரங்களில் பலன் தரும்.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் தணிந்தால் பயப்பட வேண்டியதில்லை. கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபையரின் எர்த்துடன் இணைக்கப்பட்டிருப்பதால் அது இயல்பே. ஆனால் மேடையில் இரண்டு கருவிகளுக்கு இடையே எழும் இரைச்சலை நிறுத்துவதற்காக, மூன்று முள் பிளக்கின் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபையரில் மின்கசிவு ஏற்பட்டால் அது கம்பிகளின் வழியே வாசிப்பவரின் கைக்கு வரும். உதடோ மறுகையோ மைக்கைத் தொடும் கணத்தில் மின்சாரம் உடல் வழியே பாயும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார்க் கலைஞர் லெஸ்லி ஹார்வி, 1972 மே 3 அன்று வேல்சின் ஸ்வான்சி நகர மேடையில், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். இரைச்சலைப் போக்க, ஒலித்தடத்தில் மட்டும் எர்த்தைப் பிரிக்கும் பொத்தான் கொண்ட டி.ஐ. பெட்டிகள் கிடைக்கின்றன, பிளக்கில் கை வைக்க வேண்டிய தேவையே இல்லை.

கம்பியும் திருகும்

புதுக் கம்பியின் பளிச்சென்ற ஒலி சில வாரங்களிலேயே மங்கிவிடும். வியர்வையும் அழுக்கும் கம்பியின் சுற்றுகளுக்கிடையே சேர்வதே காரணம். பேஸ் கம்பிகள் கிதார்க் கம்பிகளைவிடப் பலமடங்கு விலை என்பதால், கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து, நன்றாக உலர்த்தி மறுபடி மாட்டுபவர்கள் உண்டு. பலன் சில நாட்களுக்குத்தான். மோட்டவுன் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்று சொல்லப்படுகிறது. அவருடைய தடித்த, மங்கிய ஒலியில் அந்தப் பழைய தட்டைச் சுற்றுக் கம்பிகளுக்கும் பங்குண்டு.

உள்ளே மின்சுற்று கொண்ட ஆக்டிவ் பேஸ்களில் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். பெரும்பாலானவற்றில் வயரைச் செருகுவதே சுவிட்சைப் போடுவதற்குச் சமம். வாசித்து முடித்தபின் வயரைப் பிடுங்காமல் விட்டால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். வயர் செருகும் ஜாக்கின் திருகு தளர்வது இன்னொரு தொல்லை. அதைக் கையால் திருப்பினால் உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுழன்று, பற்றவைத்த கம்பி அறுந்துவிடும். மூடியைத் திறந்து ஜாக்கைப் பிடித்துக்கொண்டு, பல் வாஷர் ஒன்றைச் சேர்த்து இறுக்குவதே முறை. தோள்பட்டி நழுவாமலிருக்கப் பூட்டுகள் விற்கப்படுகின்றன. குரோல்ஷ் பீர் புட்டியின் ரப்பர் வளையமும் அதே வேலையைச் செய்யும் என்பது இத்துறையில் பழைய செய்தி.

பழைய ஃபெண்டர் பேஸ்களின் பிரிட்ஜ் மீது வளைந்த உலோக மூடி ஒன்று இருந்தது. கைக்கு இடைஞ்சல் என்று பலரும் கழற்றி எறிந்தார்கள். அதற்கு 'ஆஷ்ட்ரே' என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது.

சுமை

ஆம்பெக் நிறுவனம் 1969இல் வெளியிட்ட எஸ்.வி.டி. ஆம்ப்ளிஃபையர் 300 வாட் திறன் கொண்டது; தலைப்பெட்டி மட்டும் 35 கிலோவுக்கு மேல். பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு கொண்ட அதன் பெட்டியை 'ஃபிரிட்ஜ்' என்றே அழைப்பர். இன்றைய டி வகை ஆம்ப்ளிஃபையர்கள் இரண்டு மூன்று கிலோவுக்குள் அதைவிடக் கூடுதல் திறனைத் தருகின்றன. எனினும் தாழ்ந்த சுரத்துக்குப் பெரும் காற்றைத் தள்ள வேண்டியிருப்பதால் ஸ்பீக்கர் பெட்டி ஓரளவுக்கு மேல் சிறுக்க முடியாது.

ஈ கம்பியின் சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். காற்றில் அதன் அலைநீளம் 8 மீட்டருக்கும் மேல். அறையின் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் அழிந்தும் போகும். வாசிப்பவர் நிற்கும் இடத்தில் ஒன்றும் கேட்காமல், அவர் ஒலியைக் கூட்ட, அரங்கின் கடைசி வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொள்வது இதனால்தான். பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தி, சற்று உயர்த்தியோ முகத்தை நோக்கிச் சாய்த்தோ வைத்தால், தெளிவுக்குக் காரணமான மேல் அதிர்வெண்கள் வாசிப்பவரின் காதை நேராக எட்டும்; ஒலியைக் கூட்டாமலே தன் வாசிப்பு தனக்குக் கேட்கும்.