கதவு மூடினால் கூலி யாருக்கு? பினாங்கில் அன்றும் இன்றும்

1930-இல் உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தபோது, அந்த அடி நேராகத் தமிழ்த் தொழிலாளியின் முதுகில் விழுந்தது. தோட்டங்கள் ஆளைக் குறைத்தன. வேலை போனவனுக்கு இழப்பீடு என்ற பேச்சே கிடையாது. கையில் கொடுத்தது கப்பல் சீட்டு ஒன்றுதான். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் பினாங்குத் துறைமுகத்தில் கப்பலேறி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திரும்பினார்கள். மலாயாவில் உழைத்த வருடங்களுக்கு அதோடு கணக்கு முடிந்தது.

சுதந்திரம் நெருங்கிய காலத்தில் வேறு வடிவில் அதே கதை வந்தது. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடலில் வேலை போனது, அதோடு லயத்து வீடும் போனது. அந்த வேதனையிலிருந்து பிறந்ததுதான் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். சட்டம் காப்பாற்றாத இடத்தில் மக்கள் தாங்களே தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

சட்டமே இல்லாமல் இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 1957 ஜூனில் நடைமுறைக்கு வந்து, சம்பளத்துக்குத் தேதியும் வேலை நீக்கத்துக்கு முன்னறிவிப்பும் விதித்தது. 1969-இல் பினாங்கு தீர்வையில்லாத் துறைமுக உரிமையை இழந்தது. துறைமுகத்தை நம்பிய குடும்பங்கள் தவித்தன. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் மின்னணு ஆலைகளுக்குப் போனார்கள். ஆனால் ஆட்குறைப்புக்கு இவ்வளவு தொகை என்று வரையறுத்த விதிகள் 1980-இல்தான் வந்தன.

இன்று நிலைமை என்ன? மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவரின் ஆட்குறைப்புத் தொகை பற்றிச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. ஓராண்டு முடித்து இரண்டாண்டுக்குள் இருந்தால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள். அதற்கு மேல் 20 நாள். முன்னறிவிப்புக் காலம் 4, 6, 8 வாரங்கள். அறிவிக்காமல் மூடினால் அந்த வாரங்களின் சம்பளத்தையும் தர வேண்டும். 2,000 ரிங்கிட் சம்பளத்தில் எட்டாண்டு உழைத்தவருக்கு ஆட்குறைப்புத் தொகை மட்டும் சுமார் 10,500 ரிங்கிட் வரும். வேலை நின்ற 7 நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம், வக்கீல் தேவையில்லை.

2018 முதல் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலைவாய்ப்புக் காப்புறுதியும் உண்டு. முதல் மாதம் பழைய சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50 என்று குறைந்து, அதிகபட்சம் ஆறு மாதம் வரை கிடைக்கும். வேலை இழந்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதலாளி கூப்பிடுவார் என்று காத்திருந்தே இந்தத் தவணையைத் தவறவிட்டுவிடக் கூடாது. சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் வேலையில் இருக்கும்போதே வீட்டில் சேர்த்து வைப்பது நல்லது.

இத்தனை இருந்தும் கடினமான கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது: கம்பெனியிடம் பணமே இல்லையென்றால்? 1939-இல் தொடங்கிய உத்துசான் மெலாயு பத்திரிகை நிறுவனம் 2019 அக்டோபரில் மூடியபோது, பத்திரிகை உலகில் பெயர் பெற்ற ஊழியர்களே சம்பளப் பாக்கிக்குப் போராட வேண்டியிருந்தது. கம்பெனி கலைக்கப்படும்போது ஊழியருக்கு முன்னுரிமையாகக் கிடைக்கும் சம்பளத்தின் வரம்பு, 1965 கம்பெனிச் சட்டத்தில் இருந்த 1,500 ரிங்கிட்டிலிருந்து 2016 சட்டத்தில் 15,000 ஆக உயர்ந்தது. இது முன்னேற்றம்தான். ஆனால் பங்கிட எதுவும் மிஞ்சவில்லை என்றால் முன்னுரிமை காகிதத்தில் மட்டும் இருக்கும்.

இன்னொரு குறை நம் கண் முன்னேயே இருக்கிறது. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவின் உணவகங்களிலும் கடைகளிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். சம்பளப் பாக்கிக்குப் புகார் செய்யும் உரிமை அவர்களுக்கும் உண்டு. வேலைவாய்ப்புக் காப்புறுதி மட்டும் கிடையாது. அவர்களுடைய விசா முதலாளியோடு கட்டுண்டது. கடை மூடினால் வழக்கு முடியும்வரை தங்கச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். மாதம் 100 ரிங்கிட் கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் வேலை செய்யவும் முடியாது. பாக்கியை விட்டுவிட்டு ஊருக்குப் போவதே மேல் என்று ஒருவன் முடிவெடுத்தால், 1930-இன் தொழிலாளிக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கம்பெனியிடம் பணமில்லாத நிலைக்கு ஹாங்காங் 1985-லேயே வழி கண்டது. திவாலான நிறுவனத்தின் சம்பளப் பாக்கியை ஒரு பொது நிதி தொழிலாளிக்குக் கொடுத்துவிடும். முதலாளியிடம் வசூலிப்பது நிதியின் வேலை. நமக்கும் அப்படியொரு நிதி வேண்டும், வெளிநாட்டுத் தொழிலாளியையும் சேர்த்து. உழைத்து முடித்த நாளின் கூலி கடன் அல்லவா? அந்தக் கடனை வசூலிக்க அலையும் பாரம், அடுத்த மாத வாடகைக்கே வழி தெரியாதவனின் தலையில் இருக்கக் கூடாது.