ஐந்து கட்டை மூன்று கட்டையான கதை

நம் அக்ரஹாரத்துப் பழைய வீடுகளில் பரண்மேல் ஏறிப் பார்த்தால், பித்தளை அண்டாவுக்கும் கொலுபொம்மைப் பெட்டிக்கும் நடுவே சில வீடுகளில் இன்னொரு பொருளும் இருக்கும். சூட்கேஸ் மாதிரி மூடி போட்ட ஸ்பூல் டேப்ரிக்கார்டர். பக்கத்தில் அட்டைப் பெட்டிகளில் ஏழு அங்குல ஸ்பூல்கள், மேலே பென்சிலால் எழுதிய தேதி, ராகத்தின் பெயர். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்தே பிழைத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, தியாகராஜா ரோட்டை ஒட்டிய என் வீட்டு முன்னறையில் இந்த மெஷின்களை அவரவர் தேவைக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்து வருகிறேன். அதைப் பற்றி எழுதச் சொல்லி நம் சங்கத்து அன்பர்கள் கேட்டார்கள்.

மாற்றுவது என்று சொன்னேனே, அதைச் சற்று விளக்க வேண்டும். ரப்பர் சக்கரம் இறுகியிருக்கும், பெல்ட் தார் போல உருகி ஒட்டியிருக்கும், கண்டென்சர் போயிருக்கும். இவையெல்லாம் எந்த மெக்கானிக்கும் செய்கிற பழுது வேலை. மெஷினைச் செய்தவன் நினைத்தே பார்க்காத ஒரு காரியத்தை அதைச் செய்ய வைப்பதற்குத்தான் மாற்றம் என்று பெயர்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு அம்மாள் ஆட்டோவில் ஒரு அமெரிக்க மெஷினைக் கொண்டு வந்து இறக்கினார். அவருடைய தாயார் அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது பாடியதைப் பதிவு செய்த மெஷின் அது. மகன் ஊர் திரும்பும்போது மெஷினையும் ஸ்பூல்களையும் கொண்டு வந்துவிட்டார். தாயார் காலமாகிப் பல வருஷம் ஆகிறது.

"மாமா, இது எங்க அம்மா குரலே இல்லை. யாரோ ஆம்பிளை பாடற மாதிரி இருக்கு. டேப் கெட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

டேப் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு நம் மின்சாரத்தில்! நம் வீட்டில் 230 வோல்ட், அமெரிக்காவில் ஏறக்குறைய அதில் பாதி. அதற்காக டிரான்ஸ்பார்மர் போட்டிருந்தார்கள், சரி. ஆனால் அங்கே மின்சாரம் வினாடிக்கு 60 சைக்கிள், இங்கே 50. டிரான்ஸ்பார்மர் வோல்டைக் குறைக்குமே தவிர சைக்கிளைத் தொடாது. அந்தக் காலத்து மெஷின்கள் பலவற்றில் மோட்டார், சைக்கிள் கணக்குப்படிதான் சுற்றும். அங்கே நிமிஷத்துக்கு 1800 சுற்று என்றால் இங்கே 1500. வினாடிக்கு ஏழரை அங்குலம் ஓட வேண்டிய டேப் ஆறேகால் அங்குலம்தான் ஓடும். அரை மணிப் பாட்டு 36 நிமிஷம் இழுக்கும். ஸ்ருதியோ மூன்று அரை ஸ்வரத்துக்கும் சற்று அதிகமாக இறங்கிவிடும். ஐந்து கட்டையில் பாடிய அம்மாள் மூன்று கட்டைக்கும் கீழே போய்விட்டார். பெண் குரல் ஆண் குரலானது இப்படித்தான்.

இதற்கு வைத்தியம், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டைப் பருமனாக்குவது. ஆறு மில்லிமீட்டர் தண்டுக்கு மேல் பித்தளை உறை மாட்டி 7.2 மில்லிமீட்டர் ஆக்கினால் வேகம் சரியாகிவிடும். சொல்வது சுலபம். உறையின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதைக் கடைசலில் ஒரே சீராக எடுக்க வேண்டும். மையம் துளி விலகினாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்வரம் அலையும். வித்வான் போடாத இடத்தில் மெஷின் கமகம் போடும்! வேகமான சங்கதிகளில் இது தெரியாது. தம்புராவின் நீண்ட நாதத்தில் உடனே காட்டிக் கொடுத்துவிடும். அந்த மெஷினுக்கு மூன்று உறை கடைந்த பிறகுதான் எனக்குத் திருப்தி ஏற்பட்டது.

போட்டுக் காட்டினேன். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும் அடுத்த ஸ்பூலைப் போடச் சொன்னார். அதில் தாயார் சிறு குழந்தை மாதிரிக் கீச்சென்று பாடினார்! அது மெஷின் மைசூருக்கு வந்த பிறகு, அக்ரஹாரத்து வீட்டிலேயே பதிவானது. மெதுவாக ஓடிய மெஷினில் பதிந்ததை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். ஆகவே உறையைக் கழற்றினேன். நிரந்தரமாகப் பற்றவைத்துத் தரும்படி சிலர் கேட்பார்கள், நான் ஒப்புக்கொள்வதில்லை. ஸ்பூல் எந்த ஊரில் பதிவானது என்று தெரிந்தால், டேப் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று அறிய, பாட்டுக்கு அடியில் கேட்கும் மின்சார ரீங்காரத்தை அளந்து பார்க்கலாம். இந்தியாவில் பதிந்த டேப்பில் அது 50 சைக்கிளாக இருக்க வேண்டும். 60 காட்டினால் டேப் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம்.

கருவியைத் தன் தேவைக்கு வளைப்பது மைசூருக்குப் புதிதல்ல. பெரிய சபையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று வயலினில் மேலும் தந்திகள் சேர்த்து ஏழு தந்தி வயலினை வாசித்தவர் நம் சௌடய்யா. 1935-ல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி மைசூரில் தம் வீட்டிலேயே வானொலி நிலையம் தொடங்கி 'ஆகாசவாணி' என்று பெயரிட்டார். அதே 1935-ல்தான் பெர்லின் கண்காட்சியில் ஏ.இ.ஜி. கம்பெனி டேப்ரிக்கார்டரை மக்களுக்குக் காட்டியது.

வெளிநாட்டில் இந்த வேலை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு இலங்கையில் பிறந்த காவி அலெக்சாண்டரைச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் 'வாட்டர் லில்லி அகௌஸ்டிக்ஸ்' என்ற நிறுவனம் நடத்தியவர். எல்லோரும் டிஜிட்டலுக்குப் போன காலத்தில், இங்கிலாந்து நிபுணர் டிம் டி பாராவிசினி தனியாகச் செய்து கொடுத்த வால்வு சர்க்யூட்டோடு ஸ்பூல் டேப்பில்தான் பதிவு செய்தார். விஸ்வ மோகன் பட்டும் ரை கூடரும் சேர்ந்து வாசித்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' 1993-ல் வெளிவந்து 1994-ல் கிராமி விருது பெற்றது. 1995-ல் அவர் வெளியிட்ட 'மும்தாஜ் மஹல்' இசைத்தட்டில் சித்ரவீணை வாசித்த ரவிகிரண் பிறந்தது நம் மைசூரில்.

பரணில் ஸ்பூல் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. எடுத்தவுடன் மெஷினில் மாட்டிவிடாதீர்கள். ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் பெரும்பாலும் பழைய அசிடேட் டேப். காய்ந்து, பட்டென்று அறுந்துபோகும். புளித்த காடி வாசனை அடித்தால் உள்ளுக்குள் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அதைச் சூடுபடுத்தவே கூடாது. 1970, 80-களின் சில பாலியஸ்டர் டேப்புகள் வேறு ரகம். ஈரம் குடித்துப் பசை இளகி, ஹெட்டில் ஒட்டிக்கொண்டு கிறீச்சிடும். அவற்றை ஏறக்குறைய 54 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுத்தால் சில வாரங்களுக்கு ஓடும். அதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். இதை வீட்டு அடுப்பில் செய்து பார்க்க வேண்டாம். டேப் எந்த ரகம் என்று தெரியாவிட்டால், அட்டைப் பெட்டியோடு அப்படியே கொண்டு வாருங்கள். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பென்சில் குறிப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள், எந்த உறையை மாட்டுவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.