குடிக்காதவர் மூச்சில் மதுவா? வாகனப் பூட்டுக் கருவியின் தவறான பதிவும் மருத்துவக் காரணங்களும்

மதுவைத் தொடாத 59 வயதுடைய ஒருவர், எடையைக் குறைப்பதற்காக மிகக் குறைந்த கலோரி உணவு முறையைக் கடைப்பிடித்து வந்தார். ஒரு நாள் அவர் தம் காரை இயக்க முற்பட்டபோது, அதில் பொருத்தப்பட்டிருந்த மூச்சுப் பரிசோதனைக் கருவி அவரிடம் மதுச்சத்து இருப்பதாகக் காட்டி, இயந்திரத்தை இயங்க விடவில்லை. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றில் இந்நிகழ்வைப் பதிவு செய்தனர். அவர் பொய் சொல்லவில்லை. உணவு முறையால் அவர் உடலில் ஏற்பட்ட வேதி மாற்றமே அதற்குக் காரணம்.

அமெரிக்காவில், குடித்துவிட்டு வாகனம் ஓட்டித் தண்டனை பெற்ற பலருடைய வாகனங்களில் இத்தகைய கருவி பொருத்தப்படுகிறது. ‘இக்னிஷன் இன்டர்லாக்’ எனப்படும் இக்கருவி தொடர்பான சட்டம் அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் உள்ளது. விதிமீறல் பதிவானால், கருவியை வைத்திருக்க வேண்டிய காலம் நீளலாம். ஓட்டுநர் உரிமம் பறிபோகலாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர் சிறைக்கும் செல்ல நேரிடலாம். தவற்றை உணர்ந்து மதுவைக் கைவிட்ட ஒருவருக்கு, ஒரு தவறான பதிவு பெருந்துயரத்தை விளைவிக்கக்கூடும். அந்நாட்டில் உறவினர்கள் உள்ள குடும்பத்தினர் இதன் மருத்துவப் பின்னணியை அறிந்திருப்பது நலம்.

கருவி எவ்வாறு இயங்குகிறது?

ஓட்டுநர் ஊதும் மூச்சிலுள்ள ஆல்கஹால், கருவியினுள் இருக்கும் எரிபொருள் மின்கலத்தில் வேதிவினை புரிந்து சிறிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அதைக் கொண்டு இரத்தத்தில் உள்ள அளவு கணக்கிடப்படுகிறது. பல மாநிலங்களில் 0.02 அல்லது 0.025 விழுக்காட்டை எட்டினாலே வண்டி இயங்காது. 0.02 விழுக்காடு என்பது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 20 மில்லிகிராம். ஓடிக்கொண்டிருக்கும்போதும் கருவி இடையிடையே மீண்டும் ஊதச் சொல்லும். எல்லாப் பதிவுகளும் நேரத்துடன் சேமிக்கப்படும்.

தவறான பதிவுக்கான காரணங்கள்

*வாயில் தங்கும் ஆல்கஹால்:* வாய் கொப்பளிக்கும் திரவங்கள் சிலவற்றில் 20 விழுக்காட்டுக்கும் மேல் ஆல்கஹால் உண்டு. சில இருமல் மருந்துகளிலும், ஆஸ்துமாவுக்கான சில இன்ஹேலர்களிலும் அது கலந்துள்ளது. கைகளில் பூசிய கிருமிநாசினியின் ஆவியும் கருவியைப் பாதிக்கலாம்.

*கீட்டோன் மிகுதல்:* நீண்ட பட்டினியாலும், மாவுச்சத்தைத் தவிர்க்கும் உணவு முறையாலும், கட்டுப்படாத நீரிழிவாலும் உடலில் அசிட்டோன் பெருகுகிறது. அசிட்டோனை இக்கருவி பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆனால், அதில் ஒரு பகுதி உடலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலாக மாறும்போது கருவி அதை மதுவாகக் கணக்கிடுகிறது. முதலில் கூறிய நிகழ்வுக்கு ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இதுவே. நீரிழிவு உள்ளவருக்குக் கடும் தாகம், வாந்தி, வேகமான மூச்சு ஆகியவையும் இருந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. வழக்கைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

*குடலில் மது உருவாதல்:* அரிதாகச் சிலருக்குக் குடலில் வாழும் ஈஸ்ட் மாவுச்சத்தை நொதிக்கச் செய்து ஆல்கஹாலாக்குகிறது. இந்நோய் இருந்த ஒருவரை 2024இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகர நீதிமன்றம் விடுவித்தது. எனினும், இவர்கள் இரத்தத்தில் உண்மையாகவே மது இருப்பதால், சிகிச்சை பெறும்வரை வாகனம் ஓட்டுவது ஆபத்தானது.

*ஊத இயலாமை:* நுரையீரல் நோயுள்ளவர்களால் போதிய அளவு மூச்சை ஊத முடியாமல் போகலாம். இதுவும் தோல்வியாகப் பதிவாகக்கூடும்.

நேரமே முதற்சான்று

உடல் மதுவை மெதுவாகவே வெளியேற்றுகிறது. மணிக்கு ஏறத்தாழ 0.015 விழுக்காடு. ஆகவே, 0.06 எனக் காட்டிய அளவு கால் மணி நேரத்தில் சுழியாகிவிட்டால், அது குடித்ததால் வந்ததாக இருக்க முடியாது. குடித்திருந்தால் அந்த அளவு குறைய நான்கு மணி நேரமாவது ஆகியிருக்கும். வாயில் தங்கும் ஆல்கஹால் மட்டுமே சுமார் 15 நிமிடங்களில் மறையும். கீட்டோன் மிகுதியில் அளவு இவ்வாறு விரைந்து குறையாது. அங்கே இரத்தப் பரிசோதனையே துணை.

செய்ய வேண்டியவை

1. பதற்றத்தில் வண்டியை விட்டு அகலாதீர்கள். வாயை வெறும் நீரால் கொப்பளித்து, கருவி அனுமதிக்கும்போதெல்லாம் மீண்டும் ஊதுங்கள். ஊதாமல் விடுவதும் விதிமீறலாகவே பதிவாகும்.
2. உண்டவை, பயன்படுத்திய மருந்துகள், நேரம் ஆகியவற்றை உடனே எழுதி வையுங்கள். கருவியின் திரையைப் படமெடுங்கள்.
3. இயன்றால் ஓரிரு மணி நேரத்துக்குள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆய்வகத்தின் வாயு நிறப்பகுப்பு முறை மதுவையும் அசிட்டோனையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலையும் தனித்தனியே பிரித்துக் காட்டும்.
4. கருவியின் முழுப் பதிவையும், அளவு திருத்தச் சான்றையும், படக்கருவி இருந்தால் அதன் படங்களையும் கேட்டுப் பெறுங்கள். பழுதுபார்ப்பின்போது பேட்டரி கழற்றப்பட்டிருந்தால், பணிமனையின் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.
5. மறுப்புத் தெரிவிக்கக் காலக்கெடு உண்டு. அறிவிப்பு வந்த அன்றே வழக்கறிஞரை அணுகுங்கள்.

மருத்துவரிடம் எதைக் கேட்கலாம்?

நோயின் பெயர், மருந்துகளின் பட்டியல், அவற்றில் ஆல்கஹால் உள்ளதா என்பது, பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை மருத்துவர் எழுதித் தர இயலும். ‘இவர் அன்று குடிக்கவில்லை’ என்று தாம் காணாததற்கு அவர் சான்றளிக்க இயலாது. அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. இன்னொன்றும் கேளுங்கள்: ஆல்கஹால் இல்லாத மாற்று மருந்து உண்டா? பெரும்பாலான வேளைகளில் உண்டு. மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம்; குறிப்பாக, மூச்சுத்திணறல் வரும்போது வழக்கை எண்ணி இன்ஹேலரைத் தவிர்க்கக் கூடாது. மருந்தை எடுத்துக்கொண்டு, வாயைக் கொப்பளித்து, கால் மணி நேரம் கழித்து ஊதினால் போதும்.

நம் நாட்டில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். சாலையில் காவலர் ஊதச் சொல்லும்போதும், சற்று முன் வாய் கொப்பளித்த மருந்து பற்றிப் பணிவுடன் தெரிவித்து, சிறிது நேரம் கழித்து மறுபரிசோதனை கோருவதில் தவறில்லை.

வீட்டில் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். கருவி சிவப்பு விளக்கைக் காட்டியது என்று அவர் கலங்கிச் சொல்லும்போது, ‘மறுபடியும் குடித்தாயா?’ என்று தொடங்காதீர்கள். ‘என்ன சாப்பிட்டாய், எந்த மருந்து எடுத்தாய், மறுபடி ஊதினாயா?’ என்று கேளுங்கள். உண்மையில் குடித்திருந்தால், அதுவும் சிகிச்சைக்குரிய செய்தியே. மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். குடிக்காதிருந்தால், அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நீங்கள் திரட்டித் தரும் சான்றுகளே அவரைக் காக்கும்.