‘நோ ஆப்லெஸ்’: தடுக்கும்போது மட்டும் உயிர் மாறுவது ஏன்?

ஸ்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் டெலே தேர்வுக்குப் பதிவு செய்ய வேண்டிய கடைசி நாள் நெருங்குகிறது. ஸ்பானிய மொழி படிக்கும் வாசகர்களின் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன. ‘பேசு’ என்பதற்கு ‘ஆப்லா’ என்றால், ‘பேசாதே’ என்பதற்கு ‘நோ ஆப்லா’ என்று சொன்னால் என்ன? ‘நோ ஆப்லெஸ்’ என்று சொல்லின் வாலும் ஏன் மாறுகிறது?

பாடநூல்கள் சுருக்கமாக ஒரு விதி சொல்கின்றன: ‘ஆர்’ என்று முடியும் வினைக்கு ‘எ’, ‘எர்’, ‘இர்’ என்று முடியும் வினைகளுக்கு ‘ஆ’. அதனால்தான் ‘கொமேர்’ (சாப்பிடு) ‘நோ கோமாஸ்’ ஆகிறது; ‘எஸ்க்ரிபீர்’ (எழுது) ‘நோ எஸ்க்ரீபாஸ்’ ஆகிறது. விதியில் பிழையில்லை. இதற்கு ‘எதிர்மறை ஏவல்’ என்று பெயரிட்டுத் தனி அட்டவணை போடுகிறார்களே, அதுதான் குழப்பத்தின் ஊற்று. ஸ்பானியத்தில் அப்படித் தனி வடிவமே கிடையாது. ‘நீ பேச வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதற்கு ‘கியெரோ கெ ஆப்லெஸ்’ என்று ஏற்கெனவே படித்திருப்பீர்கள். அந்த ‘ஆப்லெஸ்’தான் இதுவும். விருப்பத்தையும் ஐயத்தையும் சொல்லும் சப்ஜங்டிவ் வடிவம் தடுக்கும் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது.

ஏவல் வடிவம் மறுப்பை ஏற்காது என்பது ஸ்பானிய அரச கழகத்தின் விளக்கம். இது நடப்பைச் சொல்கிறதே தவிர காரணத்தைச் சொல்லவில்லை. பக்கத்து மொழியான பிரெஞ்சு ஏவல் வடிவத்தையே கூசாமல் மறுக்கிறது. இத்தாலியமோ ‘நீ’ என்று அழைப்பவரைத் தடுக்க வினையின் மூல வடிவத்தை அப்படியே வைத்துவிடுகிறது. மூன்றும் லத்தீனின் பிள்ளைகள். ஆகவே இது மொழிக்கெல்லாம் பொதுவான விதியல்ல. ஸ்பானியம் பிடித்துக்கொண்ட வழி. அந்த உயிர்மாற்றமும் பாடநூல்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. லத்தீனில் ‘காந்தாஸ்’ என்றால் நீ பாடுகிறாய். ‘காந்தேஸ்’ என்றால் நீ பாடுவாயாக. மற்ற வினைகளில் சப்ஜங்டிவுக்கு ‘ஆ’ வந்தது. ‘நே’ என்ற சொல்லை இந்த வடிவத்தின் முன்னால் வைத்துத் தடுக்கும் வழக்கமும் லத்தீனிலேயே உண்டு.

தமிழ் பேசுகிறவருக்கு இது அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. நாமும் ‘பேசு’ என்பதோடு ‘இல்லை’யை ஒட்டித் தடுப்பதில்லை; ‘பேசாதே’ என்று சொல்லையே மாற்றுகிறோம். நம்மிடம் தடுப்பதற்கென்றே ஓர் உருவம் இருக்கிறது. ஸ்பானியம் இன்னொரு இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மரியாதையாக ‘பேசுங்கள்’ என்பதற்கு ‘ஆப்லெ’, ‘பேசாதீர்கள்’ என்பதற்கு ‘நோ ஆப்லெ’. இங்கே எதுவும் மாறவில்லை. மரியாதைக் கட்டளை முதலிலிருந்தே சப்ஜங்டிவ்தான். மாறுவது ‘நீ’யும், ஸ்பெயினில் நெருங்கியவர்கள் பலரைச் சேர்த்து அழைக்கும் ‘வொசோத்ரோஸ்’ வடிவமும் மட்டுமே: ‘ஆப்லாத்’, ‘நோ ஆப்லெய்ஸ்’. மனப்பாடச் சுமை பாதியாகிறது. ஆனால் ஆபத்தும் இங்கேதான். ‘கோமெ’ என்றால் சாப்பிடு, ‘கோமா’ என்றால் சாப்பிடுங்கள். ஓர் உயிர் தவறினால் மரியாதையே மாறிப்போகும்.

மற்ற கேள்விகள்:

‘நோ தோக்கெஸ்’ (தொடாதே), ‘நோ பாகெஸ்’ (பணம் கொடுக்காதே) ஒழுங்கற்றவையா? இல்லை, ஒலியைக் காப்பாற்ற எழுத்து மட்டும் மாறுகிறது.

பலகைகளில் ‘நோ ஃபுமார்’ என்று மூல வடிவம் இருக்கிறதே? அது பொது அறிவிப்பு; எதிரில் நிற்பவரிடம் அப்படிச் சொல்லக் கூடாது.

‘அதை’ எங்கே வரும்? ‘கோமெலோ’ என்று பின்னால். தடுக்கும்போது ‘நோ லோ கோமாஸ்’ என்று நடுவில்.

லத்தீன் அமெரிக்காவில் ‘வொசோத்ரோஸ்’ வடிவம் வேண்டுமா? அன்றாடப் பேச்சில் வேண்டாம். பலருக்கும் ‘நோ ஆப்லென்’ போதும்.

தேர்வுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எதிர்மறை ஏவல் அட்டவணையை மூடிவைத்துவிட்டு, சப்ஜங்டிவ் அட்டவணையை வாய்விட்டுப் படியுங்கள்.