நீர் ஊற்றாத கறி

மரக்கறியை அடுப்பில் ஏற்றுமுன் சட்டியில் நீர் வார்ப்பது நம் கைக்குப் பழகிப்போன செயல். காய் வேகுவதற்கு நீர் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் அந்நீர் வெளியிலிருந்துதான் வரவேண்டுமா? இவ்வினாவை எழுப்பிப் பார்ப்போர் மிகச் சிலரே.

காய்களின் இயல்பைச் சற்று நோக்குவோம். நீற்றுப்பூசணியில் நூற்றுக்கு 96 பங்கும், தக்காளியில் ஏறக்குறைய 95 பங்கும், பூசணி, கத்தரி, கோவா ஆகியவற்றில் ஏறக்குறைய 92 பங்கும் நீரேயாம். கரட்டில் 88 பங்கும், ‘வரண்ட கிழங்கு’ என நாம் கருதும் உருளைக்கிழங்கிற்கூட 79 பங்கும் நீர் உண்டு. சந்தையிலிருந்து ஒரு கிலோ பூசணி வாங்கி வருபவர் உண்மையில் 920 கிராம் நீரைச் சுமந்து வருகிறார். இவ்வளவு நீர் உள்ளே இருக்கவும் மேலும் நீர் ஊற்றுவது எதற்காக?

காரணம் அடுப்பிலே உள்ளது. விறகடுப்பும் எரிவாயு அடுப்பும் சட்டியின் அடியை மிகுந்த உஷ்ணத்தோடு தாக்குகின்றன. காய் தன் நீரை வெளிவிடுமுன்னரே அடி பற்றிவிடும். வெளிவந்த நீரும் ஆவியாய்ப் பறந்துவிடும். அந்த இடைக்காலத்தைக் கடப்பதற்காகவே நீர் வார்க்கிறோம். ஆகவே, உஷ்ணம் மெதுவாக ஏறி, ஆவியும் வெளியேறாதிருக்குமாயின், ஊற்றும் நீர் வேண்டியதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே செய்வதுதான் ‘ஸ்லோ குக்கர்’ எனப்படும் மின்பானை.

இப்பானையின் வரலாறு சுவையானது. ஏர்விங் நக்சன் என்னும் அமெரிக்கர் இதற்கான காப்புரிமையை 1940ஆம் ஆண்டிற் பெற்றார். லிதுவேனியாவில் வாழ்ந்த யூத மக்கள் தங்கள் ஓய்வுநாளில் தீ மூட்டுவதில்லை. அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன், ‘சோலன்ட்’ என்னும் உணவுக்குரியவற்றைப் பானையிலிட்டு மூடி, ஊர் வெதுப்பகத்தின் போறணையில் வைத்துவிடுவர். தணிந்துவரும் போறணைச் சூட்டில் அது இரவு முழுவதும் வெந்து, மறுநாள் உணவாகும். தாயார் சொல்லக் கேட்ட இச்செய்தியே நக்சனின் சிந்தையைத் தூண்டிற்று. 1970ஆம் ஆண்டில் அவருடைய தொழிலை மற்றொரு நிறுவனம் வாங்கி, மறு ஆண்டு ‘குறொக் பொட்’ என்னும் பெயரோடு இப்பானையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. சமய ஒழுக்கம் ஒன்று விஞ்ஞானக் கருவியாய் மலர்ந்தமை கருதத்தக்கது.

மூடிய பானைக்குள் நிகழ்வது யாது? பீங்கான் கலத்தின் சுவர்கள் மெல்லச் சூடேறுகின்றன. ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் அளவில் காயின் கலமென்சவ்வுகள் சிதைந்து, உள்ளிருந்த நீர் கசிகிறது. அது ஆவியாகி, மூடியிற் பட்டுக் குளிர்ந்து, மீண்டும் துளியாய்க் காயின்மேல் விழுகிறது. உஷ்ணம் 85 பாகையைக் கடந்தபின்னரே, கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசை கரைந்து காய் மிருதுவாகும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. காய் 55 முதல் 65 பாகை வரையான சூட்டில் நெடுநேரம் தங்கிவிடின், அதிலுள்ள ஒரு நொதியம் அப்பசையை உறுதிப்படுத்திவிடும். பின்னர் எவ்வளவு வேகவைப்பினும் கிழங்கு கடித்தால் நறுக்கென்றிருக்கும். ஆதலின் முதல் ஒரு மணி நேரமேனும் பானையை உயர்சூட்டில் வைத்தல் நன்று.

புளிப்பும் அப்பசை கரைவதைத் தாமதிக்கும். காய் வெந்தபின்னரே புளியைக் கரைத்துவிடும் நம் பாட்டிமாரின் வழக்கம் எத்துணைப் பொருத்தமானது!

இனிச் செய்முறை. வெங்காயத்தை அரிந்து உப்புடன் பிசறி அடியிற் பரப்புக. உப்பு நீரை விரைவில் வெளிக்கொணரும். அதன்மேலும் சுவரோரமாகவும் உருளைக்கிழங்கு, கரட், பீற்றூட் முதலிய கிழங்குகளை இரண்டு சதமமீற்றர்த் துண்டுகளாக அடுக்குக. நீர் மிகுந்த பூசணி, கோவா ஆகியன மேலே இருக்கட்டும். அவற்றின் சாறு கீழிறங்கிக் கிழங்கை நனைக்கும். மஞ்சளும் மிளகும் தூவலாம். பானை பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரு பங்குக்கு மேற்படாமலும் நிறைந்திருத்தல் வேண்டும். உயர்சூட்டில் மூன்று, நான்கு மணி நேரம் போதும். தணிந்த சூட்டிலாயின் ஆறு முதல் எட்டு மணி வரை செல்லும். இடையிடையே மூடியைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்க. ஒருமுறை திறப்பின் இழந்த சூட்டை மீட்கக் கால்மணி முதல் அரைமணி வரை பிடிக்கும். தக்காளி, புளி, எலுமிச்சை, தேங்காய்ப்பால் யாவும் இறுதியிலேயே சேரவேண்டும். ஆவியில் வெந்த கறிக்கு வறுத்த மணம் வாராதாகையால், கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுதல் அவசியம். பானையோடு வந்த கைந்நூல் குறைந்தபட்ச நீர் வேண்டுமென்று கூறுமாயின் அதனை மீறலாகாது.

இம்முறையால் வரும் நன்மை என்ன? நீரில் அவித்து வடித்துக் கொட்டும்போது, கரையும் விற்றமின்களும் பொற்றாசியம் முதலிய கனியுப்புகளும் கழிநீரோடு போய்விடுகின்றன. இங்கோ கரைந்தவை யாவும் சாற்றிலேயே தங்குகின்றன. எனினும் விற்றமின் ‘சி’ நீண்ட சூட்டுக்கு ஆற்றாதது. அதில் ஒரு பகுதி அழியவே செய்யும். மின்சாரச் செலவிலும் பெரிய மிச்சத்தை எதிர்பார்த்தலாகாது. 150 வாற்றுப் பானை ஆறு மணி நேரத்தில் 0.9 அலகு கொள்ளும். 1,000 வாற்றுச் சூட்டடுப்பு முக்கால் மணி நேரத்திற் கொள்வது 0.75 அலகே. இப்பானை மிச்சப்படுத்துவது, அடுப்பின் முன் நிற்கும் மனிதரின் நேரத்தையாம்.

எனினும் இப்பானைக்கு ஒவ்வாதன சில உள. இவற்றைத் தாய்மாரும், விடுதியிலும் பிறநாட்டிலும் தனித்துச் சமைக்கும் மாணவரும் மறத்தலாகாது. ‘கிட்னி பீன்ஸ்’ எனப்படும் சிவப்பு அவரை விதையில் இயற்கையாகவே ஒரு நச்சு உண்டு. நன்றாகக் கொதித்தால் அது அழியும். அரைகுறைச் சூட்டில் அதன் கொடுமை கூடவும் கூடும். கடும் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் விளைவிக்க நாலைந்து விதைகளே போதும். ஆகவே அதனை ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புதுநீரில் அரைமணி நேரம் அடுப்பிலே தளதளவெனக் கொதிக்கவைத்த பின்னரன்றிப் பானையில் இடலாகாது. மரவள்ளிக் கிழங்கின் நஞ்சோ நிறைந்த நீரில், திறந்த பாத்திரத்தில் அவிக்கும்போது வெளியேறுவது. மூடிய பானை அதற்கு உரியதன்று. கீரையும் மூடிய நெடுஞ்சூட்டில் பசுமை இழந்து பழுப்பாகும்.

மின்தடையும் கருதத்தக்கதே. 2022ஆம் ஆண்டில் எரிவாயுவுக்காக வரிசையில் நின்றதோடு, நீண்ட மின்வெட்டையும் கண்டவர்கள் நாம். பாதி வெந்த கறி, 60 பாகைக்குக் கீழ் நெடுநேரம் கிடப்பின் நுண்கிருமிகளுக்கு விளைநிலமாகும். வீட்டில் இருப்பவர் உடனே அடுப்புக்கு மாற்றுக. வெளியே சென்று மீண்டவர், மின்சாரம் எவ்வளவு நேரம் நின்றதென அறியாராயின், கறி எவ்வளவு மணத்தாலும் அதனைக் கொட்டிவிடுவதே அறிவுடைமை. ஒரு கறியின் விலை ஒரு பிள்ளையின் உடல்நலத்துக்கு ஈடாகாது.

வேலைக்குச் செல்லும் தாயொருத்தி மாலையில் களைத்து வீடு திரும்பும்போது, வெந்த கறி காத்திருப்பது சிறிய ஆறுதலன்று. காலையில் காய் அரிந்து பானையில் அடுக்குவதற்கோ கால்மணி நேரமே வேண்டும். அதனைத் தந்தையரும் வளர்ந்த பிள்ளைகளும் ஏற்றுக்கொள்வாராயின், பானை மிச்சப்படுத்திய நேரம் உண்மையாகவே அத்தாய்க்கு உரியதாகும்.